நடுவரின் பாக்கெட்டைப் பார்ப்பவர்

எங்கள் கால்பந்து கிளப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தும் ஒரு கோலைக்கூட முழுசாகப் பார்க்காத மனிதர் ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் லிஸ்ட்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் கையில் கொடுக்கிற ஆட்டக்காரர் பட்டியலை எழுதுவது அவர் வேலை. மேலே பதினோரு பேர், கீழே பெஞ்சில் உட்காருகிற ஒன்பது பேர், பெயருக்கு நேரே சட்டை எண். இதெல்லாம் ஒரு வேலையா என்று முதல் வருடம் எனக்கும் தோன்றியது. "இதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி" என்று என் வீட்டுக்காரரிடம் நொடித்திருக்கிறேன்.

நான் அதே கிளப்பில் துணி துவைக்கிறவள். சேறு என்றால் காய்ந்த பிறகு தட்டி உதிர்க்க வேண்டும். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை உட்கார்ந்துவிடும். ஜெர்சியை எண் உள்ளே போகிற மாதிரி திருப்பிப் போட வேண்டும், இல்லையென்றால் நாலு துவையலில் உரிந்து எட்டு மூன்றாகிவிடும். என் வீட்டுக்காரர் கிளப் பஸ் டிரைவர். ஆக, எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே அந்தக் கிளப்பால்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோச்சிலிருந்து வாட்ச்மேன் வரை என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அந்த வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

லிஸ்ட்டு அண்ணனின் வேலை எழுதுவதில் இல்லை, எண்ணுவதில் இருக்கிறது என்று எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. ஆட்டத்தில் தப்பு செய்கிறவனுக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டுவார். ஒரு சீசனில் ஒருவன் நாலு மஞ்சள் வாங்கிவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அவன் வெளியே உட்கார வேண்டும். தப்பித்தவறி அவன் பெயரைப் பட்டியலில் எழுதி அவனும் இறங்கி ஆடிவிட்டால், அவன் பத்து கோல் போட்டிருந்தாலும் அந்த ஆட்டம் எதிரணிக்குத்தான். மூன்றுக்குப் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். யாருக்கு எத்தனை மஞ்சள் என்ற கணக்கு கிளப்பின் பொறுப்பு. எங்கள் கிளப் அந்தப் பொறுப்பை இந்த ஒரு மனிதர் தலையில் வைத்திருந்தது.

அதனால் மைதானத்தில் இருபதாயிரம் பேர் பந்தைப் பார்க்கும்போது அவர் மட்டும் நடுவரின் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெஞ்சின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் ஒரு நோட்டு. பந்து அவர் பக்கம் வந்தால் காலை மட்டும் தூக்கிக்கொள்வார், கண் நகராது. வீட்டுக்குப் போனதும் அண்ணி கேட்பாராம், "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று. "ரெண்டு மஞ்சள்" என்பாராம். "அது கெடக்குது, ஜெயிச்சீங்களா?" "ஜெயிச்ச மாதிரிதான் இருந்துச்சு." இதை அண்ணியே என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

பட்டியலை என் அறையில் வந்துதான் எழுதுவார். கிளப்பிலேயே அகலமான மேஜை என் இஸ்திரி மேஜைதான். நான் ஒரு பக்கம் ஜெர்சி தேய்ப்பேன், அவர் மறு பக்கம் எழுதுவார். ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, அவன் வாங்கிய மஞ்சளையும் சேர்த்துச் சொல்வார். "அஞ்சு, ரெண்டு. ஆறு, ஒண்ணு. ஏழு, இல்ல." பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். நான் காதில் வாங்கியும் வாங்காமலும் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த சீசன் விளங்காத சீசன். முதல் டிவிஷனில் பன்னிரண்டு கிளப், கடைசி இடத்துக்காரன் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். நாங்கள் முதல் ஏழு ஆட்டமும் தோற்றோம். கோச்சை மாற்றினார்கள், வந்தவன் முன்னவனே தேவலை என்று ஆக்கிவிட்டுப் போனான். மூன்றாவதாக வந்தவர்தான் ஏதோ தேற்றினார். கடைசி இரண்டு மாதம் நாங்களும் மில் கிளப்பும்தான் யார் கடைசி என்று முட்டிக்கொண்டோம். நடுவில் ஒருநாள் செயலாளர் எங்களையெல்லாம் நிற்க வைத்துச் சொன்னார்: "கீழ போனா முதலாளி கிளப்பை நடத்த மாட்டாரு. ஆட்டக்காரங்களுக்கு வேற கிளப் இருக்கு. உங்களுக்குத்தான் நான் ஒண்ணும் சொல்ல முடியாது." ஆட்டக்காரர்கள் போக நாங்கள் இருபத்தாறு பேர்.

எங்கள் அணியில் ஒருத்தன்தான் கோல் போடுகிறவன், எட்டாம் எண். ரயிலு என்று கூப்பிடுவோம். வேகமாக ஓடுவான் என்பதற்காக வைத்த பெயர் இல்லை, ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதற்காக வைத்தது. அவன் வராவிட்டால் பஸ் கிளம்பாது, அவன் ஆடாவிட்டால் நாங்கள் ஜெயிக்க மாட்டோம்.

கடைசி இரண்டு ஆட்டமும் எங்கள் மைதானத்தில். முதலாவது புதன்கிழமை. ஜெயிக்கவில்லையென்றால் அன்றைக்கே கதை முடிந்தது. தொண்ணூறு நிமிடம் ஓடி, ஆளுக்கு ஒரு கோலில் நின்றது. நடுவர் கூட்டிக்கொடுத்த நிமிடங்களும் தீரப்போகின்றன. துண்டுகளோடு நானும் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றேன். இந்த மனிதர் மட்டும் வழக்கம்போல் நடுவரின் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே! நடுவர் பாக்கெட்ல என்ன புதையலா இருக்கு? இதுதான் கடைசி, இன்னைக்கு ஒருநாளாவது பந்தைப் பாருங்கண்ணே!" என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

அவரும் திரும்பினார். திரும்பிய அதே நேரத்தில் ரயிலு இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு வந்து இடது காலால் அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்! லிஸ்ட்டு அண்ணன் நோட்டை விசிறி எறிந்துவிட்டு எழுந்து குதித்தார். ஐம்பத்தோரு வயது ஆள். "தங்கச்சி, பாத்தியா! உள்ள போச்சு, நான் பாத்தேன், நானே பாத்தேன்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அவர் முதுகு மைதானத்தின் பக்கம் இருந்தது, என் முகம் மைதானத்தைப் பார்த்தது. ரயிலு ஜெர்சியைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஓடினான். சட்டையைக் கழற்றிக் கொண்டாடினால் மஞ்சள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. கூட்டம் அவனை மொய்த்துக்கொள்ள, நடுவர் பின்னாலேயே போய் அட்டையைத் தூக்கிக் காட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

அந்த நிமிடம் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. அண்ணனுக்குத் தெரியாத மஞ்சளா என்று நினைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் லிஸ்ட்டு அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மில் கிளப்பில் அவரைப்போலவே பட்டியல் எழுதுகிற ஒருவருக்குப் போன் போட்டு, இருவரும் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வார்கள். எதிர்க்கிளப் ஆட்களின் மஞ்சளையும் அவரவர் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். "உங்க ஆறுக்கு என்கிட்ட மூணு வருது, சரியா தம்பி?" "சரிதாண்ணே." இதில் யாரும் பொய் சொன்னது கிடையாது. ஒருமுறை பொய் சொன்னால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? ஆனால் அந்த வாரம் அண்ணன் போன் போடவில்லை. "அவங்களோடதான் மோதிக்கிட்டு இருக்கோம். அவன்கிட்டப் போயி என்னன்னு கேக்கறது" என்று கூச்சப்பட்டார். லீக் அலுவலகத்திலிருந்து வழக்கமாக வருகிற எச்சரிக்கைக் கடிதமும் ஆட்டங்கள் அடுத்தடுத்து வந்ததில் பிந்திவிட்டது. கடிதம் வரவில்லை என்று சாக்குச் சொல்லவும் விதியில் இடம் இல்லை.

சனிக்கிழமை காலை என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. புதன்கிழமை கோலை அதற்குள் எனக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார். எழுத ஆரம்பித்தார்.

"ஏழு, ஒண்ணு. எட்டு, மூணு."

என் கை இஸ்திரிப் பெட்டியோடு நின்றுவிட்டது. புதன்கிழமைக்கு முந்தியும் எட்டுக்கு மூன்றுதான். அதை இதே மேஜையில் இதே வாயால் சொன்னார். அப்படியென்றால் இன்றைக்கு நாலு வர வேண்டாமா? 'நாலுல்லண்ணே?' என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததும் இன்னொன்றும் வந்தது: ரயிலு வெளியே உட்கார்ந்தால் சாயங்காலம் நாங்கள் தோற்போம். தோற்றால் என் வேலையும் போச்சு, என் வீட்டுக்காரர் வேலையும் போச்சு. ஒருவேளை சட்டை கழற்றின மஞ்சள் இந்தக் கணக்கில் சேராதோ என்னவோ, அவருக்குத் தெரியாதா, எனக்கென்ன வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேரும் என்று எனக்குத் தெரியும். துணி தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பெட்டியை எடுத்தேன்.

"என்ன தங்கச்சி, கவனம் எங்க இருக்கு?" என்று சிரித்தார்.

"உங்க கோலைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன். பாவி நான்.

சாயங்காலம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். ரயிலுதான் கோல் போட்டான். மில் கிளப் வேறு ஊரில் டிரா செய்தது. அவர்களுக்கு இருபத்தைந்து புள்ளி, எங்களுக்கு இருபத்தாறு. தப்பித்தோம். என் வீட்டுக்காரர் பஸ் ஹாரனைப் பத்து நிமிடம் அடித்தார். நானும் எல்லோரோடும் சேர்ந்து கத்தினேன். லிஸ்ட்டு அண்ணன் இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் சேற்றுத் துணிகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது லிஸ்ட்டு அண்ணன் உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். புதன்கிழமை ஆட்டத்தின் நடுவர் அறிக்கை, அப்போதுதான் வந்திருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது. நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

"தொண்ணூத்து நாலாவது நிமிஷம். எட்டாம் நம்பர். சட்டையைக் கழட்டினது" என்று வாசித்தார். "தங்கச்சி, நாலு ஆயிடுச்சு. நேத்து அவன் ஆடியிருக்கவே கூடாது."

நான் கையிலிருந்த சேற்றுத் துணியையே தட்டிக்கொண்டிருந்தேன்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணு கூட விட்டதில்ல. எப்படி விட்டேன்? அந்த நிமிஷம் நான் எங்க பாத்துக்கிட்டிருந்தேன்?" அவரே யோசித்தார். அவரே கண்டுபிடித்தார். "பந்தைப் பாத்துட்டேன்" என்றார். யாரையோ கொன்றுவிட்ட மாதிரி சொன்னார். நான்தான் திருப்பினேன் என்ற ஞாபகம் அவருக்கு இருந்ததோ இல்லையோ, அதைச் சொல்லவில்லை.

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே செயலாளரிடம் போனார். கொஞ்ச நேரத்தில் இருவரும் என் அறைக்கே வந்தார்கள். செயலாளர் கதவைச் சாத்தினார். நான் அங்கே இருப்பதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. துணி துவைக்கிறவள்தானே!

"டி.வி.யில அட்டையைக் காட்டலை, கேமரா கூட்டத்தைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. திரும்பப் போட்டுப் பாத்துட்டேன்" என்றார் செயலாளர். "யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாத்தான் லீக் கிளறும். ஆட்டம் முடிஞ்சு ரெண்டு நாள்தான் டைம். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி. இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும் சார்."

"அப்ப யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போயித் தூங்குங்க."

அண்ணன் வீட்டுக்குப் போனார், தூங்கவில்லை. திங்கள்கிழமை காலையிலேயே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். அண்ணி சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தனுப்பியிருந்தார், அதைத் திறக்கவே இல்லை. அண்ணிக்கு இன்னும் விஷயம் தெரியாது. மகள் நர்ஸ் படிப்பு, இன்னும் ஒரு வருடம் பாக்கி. "பொண்ணு போன் பண்ணினா தங்கச்சி. 'அப்பா, தப்பிச்சிட்டீங்களாமே'ங்கறா. ஆமாம்மான்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. நான் இயந்திரத்தில் துணியைப் போட்டேன், எடுத்தேன், துவைத்ததையே திரும்பத் துவைத்தேன். ஒன்று. இரண்டரை. வெளியே ஆட்டக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரயிலு எட்டிப்பார்த்து, "அக்கா, அண்ணே, வரட்டுமா!" என்று கையாட்டிவிட்டுப் போனான். அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. ஆறு அடித்துவிடட்டும், ஆறு மட்டும் அடித்துவிடட்டும் என்று எனக்குள் அரற்றிக்கொண்டே இருந்தேன்.

நாலே முக்காலுக்கு அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். "மில் தம்பி" என்றார்.

"எடுக்காதீங்க!" என்றேன்.

எடுத்தார். அந்த அறையில் அத்தனை அமைதி. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க எட்டுக்கு என் கணக்குல நாலு வருது. நான் அந்த ஆட்டத்துக்குப் போனவங்ககிட்டக் கேட்டுத்தான் எழுதினேன், கண்ணால பாக்கலை. சந்தேகமா இருக்கு. தப்பா ஆட்சேபம் கொடுத்துட்டா எங்க செயலாளர் என்னைத் தொலைச்சிடுவாரு. நீங்க சொன்னா சரியா இருக்கும். உங்க கணக்குல எத்தனைண்ணே?"

நான் அவர் முகத்துக்கு நேரே போய் மூன்று விரலைக் காட்டினேன். அவர் பார்த்தார். இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். மூணுண்ணே, மூணு, என்று வாயசைத்தேன். கடைசியில் விரலை மடக்கிக் கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலு தம்பி" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து "சரிண்ணே" என்று மட்டும் வந்தது. கிட்டத்தட்ட அழுகிற குரல்.

நான் இஸ்திரிப் பெட்டியை டமால் என்று வைத்தேன். "பாவி மனுஷா! குடியைக் கெடுத்தீங்களே! இருபத்தாறு குடும்பம்! மூணுன்னு ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு! சொல்லியிருந்தா உங்க நாக்கு அழுகியா போயிருக்கும்?"

"அவன் என் கணக்கை நம்பிக் கேக்கறான் தங்கச்சி. அங்கயும் துணி துவைக்கிறவ ஒருத்தி இருப்பால்ல."

"அவ எப்படியோ போறா! நான் என்ன பண்ணுவேன்?"

செயலாளரிடம் போய்த் தானே சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சனிக்கிழமை ஆட்டத்தை எங்களிடமிருந்து பறித்தார்கள். இருபத்துமூன்று புள்ளியோடு கடைசி இடம். முதலாளி சொன்னபடி கிளப்பை மூடினார். லிஸ்ட்டு அண்ணன் வீட்டுச் சுவரில் துரோகி என்று யாரோ கரியால் எழுதிவிட்டுப் போனார்கள். பட்டியலை எழுதியது அவர் கை, எதிரிக்குச் சொன்னது அவர் வாய், வேறு யாரைச் சொல்வார்கள்? என் வீட்டுக்காரர்கூட அவர் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். நான் அங்கே படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தார். என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "அந்தப் புதன்கிழமை பெஞ்சுல அத்தனை பேர் இருந்தோமே. அந்த அட்டை ஒருத்தர் கண்ணுலகூடவா படல? யாராவது பாத்திருந்து சனிக்கிழமை காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரயிலை நிறுத்தி வச்சிருப்பேன். மத்த பசங்களை வச்சு ஆடியிருப்போம். ஜெயிச்சிருப்போமோ தோத்திருப்போமோ, ஆனா என்னால போச்சுன்னு இருக்காது. ராத்திரியெல்லாம் இதேதான் ஓடுது."

அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். எதிரிக்கே உண்மையைச் சொன்ன மனிதர். இப்போதாவது சொல்லிவிடு, இவருடைய பாரத்தில் பாதியையாவது இறக்கி வை என்று உள்ளே அடித்துக்கொண்டது.

"எல்லாரும் குதிச்சுக்கிட்டு இருந்தோம்ணே. யாரும் பாக்கலை" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன்" என்றார். "நீ பாத்திருந்தா சொல்லாம இருந்திருக்க மாட்டியே. உன் வாய் சும்மா இருக்குமா?"

"ஆமாண்ணே, சொல்லியிருப்பேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பிப் போனார்.